படுக்கையில் இருக்கும் அப்பாயிக்கு யார் பொறுப்பு? – வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர், நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் குடும்பநல உத்தியோகத்தராக (மிட்வைஃபாக) பணியாற்றி ஓய்வுபெற்றவர்.)

கேள்வி: அம்மா, எங்கள் தோட்டத்தில் மூன்று டிவிஷன். டிஸ்பென்சரி ஐயாவிடம் ஒரு கணக்கு, மிட்வைஃப் மிஸ்ஸிடம் ஒரு கணக்கு, கிராம சேவகரிடம் இன்னொன்று. தொண்டு நிறுவனமும் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனது. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் என் அப்பாயியின் பெயர் எல்லாவற்றிலும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தவர்தான் யாருமில்லை. இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க வழி உண்டா?
– இளைஞர் கழகச் செயலாளர், பொகவந்தலாவை

பதில்: உண்டு தம்பி. ஆனால் மேசையை அப்புறம் பார்ப்போம், முதலில் பட்டியல். பட்டியல் இல்லாமல் கூட்டம் போட்டால் ஆளுக்கொரு குறை சொல்லி, தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கலைந்து போவார்கள். எத்தனையோ கூட்டங்களில் இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாமல் போவதற்குப் பெரிய காரணம் எல்லை. தோட்டம் டிவிஷன் வழியாகக் கணக்கு வைக்கிறது. பிரதேச செயலகத்துக்குக் கிராம சேவகர் பிரிவு. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு மிட்வைஃப் பிரிவு. மூன்று கோடும் பல இடங்களில் பொருந்துவதில்லை. மேல் டிவிஷன் ஒரு கிராம சேவகருக்கும் கீழ் டிவிஷன் இன்னொருவருக்கும் போகும் தோட்டங்கள் உண்டு. நம் மாவட்டத்தில் 5 ஆக இருந்த பிரதேச செயலகங்கள் 10 ஆனபிறகு, எந்த அலுவலகத்துக்குப் போவது என்றே தெரியாமல் பழைய வாசலில் போய் நிற்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அதனால் உங்கள் கொப்பியில் லயத்தை (வரிசை வீடுகளை) அடிப்படையாக வையுங்கள். லயம், வீட்டு எண், அப்புறம் அந்த வீட்டுக்குரிய கிராம சேவகர் பிரிவும் மிட்வைஃப் பிரிவும்.

பெயர்களை எங்கிருந்து எடுப்பது? உங்கள் மரணாதார சங்கத்துக் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். மாதச் சந்தா கட்டும் குடும்பம் எல்லாம் அதில் இருக்கும். செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவில், வேலை செய்கிறவர் பெயர்தான் இருக்கும். பென்ஷன் இல்லாமல் வீட்டில் இருக்கும் கிழவி அதில் வரமாட்டார். பிறகு வீடு வீடாகப் போய் நான்கு விஷயம் மட்டும் கேளுங்கள்: எழுந்து நடக்கிறாரா, கிளினிக் எங்கே எந்த நாளில், பகலில் வீட்டில் யார் இருப்பது, அடையாள அட்டை இருக்கிறதா. நோயின் பெயரை இந்தக் கொப்பியில் எழுத வேண்டாம். அது டிஸ்பென்சரி ஐயாவிடமும் மிட்வைஃபிடமும் இருந்தால் போதும். லயத்தில் ஒருவர் நோய் ஊர்ப் பேச்சாவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பெயர் எழுதும்முன் வீட்டாரின் சம்மதமும் கேளுங்கள்.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய வைத்தியசாலை ஒன்றிலிருந்து சிறுநீர்க் குழாயுடன் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். குழாயை எப்போது மாற்ற வேண்டும் என்று வைத்தியசாலை கொடுத்த டயக்னோசிஸ் அட்டையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வீட்டார் அந்த அட்டையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார்கள். கர்ப்பிணியான மருமகளைப் பார்க்க நான் போனபோது, கட்டில் காலில் தொங்கிய பை கலங்கிக் கிடந்தது. பெரியவருக்குக் காய்ச்சல் கொதித்தது. டிஸ்பென்சரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கிருந்தவருக்கு அவர் வீடு திரும்பியதே தெரியாது. குழாய் போட்டவர்கள் யாருக்கும் தகவல் அனுப்பவில்லை, மாற்றும் நாளும் கடந்துவிட்டது. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

ஆகவே யாராவது வைத்தியசாலை வாட்டிலிருந்து வீடு வந்தால், அன்றே அந்த அட்டையைப் படம் எடுத்து டிஸ்பென்சரி ஐயாவுக்கும் மிட்வைஃபுக்கும் அனுப்புவது உங்கள் கழகத்தின் வேலையாக இருக்கட்டும். வாட்டை விட்டுக் கிளம்பும்போதே தாதியிடம், அடுத்து என்ன செய்ய வேண்டும், எந்தத் திகதியில் என்று தமிழில் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது மேசை. சுகாதார வைத்திய அதிகாரி தம் ஊழியர்களுடன் மாதாந்தக் கூட்டம் நடத்துவார். உங்கள் தோட்டத்துக்கு அதில் அரை மணி நேரம் கேட்டு எழுதுங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர், முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர், தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் இவர்களுக்கும் பிரதி போடுங்கள். பேச்சு முடிந்ததும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே யார், என்ன, எந்தத் திகதி என்று எழுதி, எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். அடுத்த கூட்டம் அந்தத் தாளில் தொடங்க வேண்டும். ‘பார்க்கிறோம்’ என்று யாராவது சொன்னால் அவர் பெயருக்கு எதிரே திகதி கேளுங்கள், மரியாதையாகத்தான். அப்பாயிக்கு முதலில் கேட்க வேண்டியது, அந்த அலுவலகத்தில் பொதுச் சுகாதாரத் தாதி உத்தியோகத்தர் இருக்கிறாரா என்பது. இருந்தால் வீட்டுக்கு வந்து, முதுகில் படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று உங்களுக்கும் காட்டிக்கொடுப்பார்.

கேள்வி: துரை (தோட்ட மேலாளர்) ‘சுகாதாரம் அரசாங்கத்தின் வேலை’ என்கிறார். அலுவலகத்தில் ‘அது தோட்டத்து விஷயம்’ என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– தோட்டத் தலைவர், ஹட்டன்

பதில்: இரண்டு பேருமே பாதியைத்தான் சொல்கிறார்கள். தொழிலாளியின் வைத்தியத் தேவையைத் தோட்டம் கவனிக்க வேண்டும் என்பது 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் பொறுப்பு. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சுகாதாரத்தின் பெரும்பகுதியை மாகாணத்துக்குக் கொடுத்தது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோது அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் நிதியம் ஒன்று அமைந்தது; இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அதுதான். பிறகு தோட்ட வைத்தியசாலைகளில் சிலவற்றை அரசு எடுத்தது, மற்றவை அப்படியே நின்றன. இந்த அரைகுறைதான் இரண்டு பேரும் கைகாட்ட இடம் தருகிறது.

நீங்கள் வேலையைப் பிரித்துக் கேளுங்கள், தலைவர். தடுப்பூசி, கிளினிக், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பரிசோதனை அரசிடம். இரவில் நோயாளியை இறக்க வாகனம், கிளினிக் நாளில் கூட்டிப்போகும் மகனுக்கோ மகளுக்கோ லீவு, டிஸ்பென்சரிக்கு மருந்து தோட்டத்திடம். பாதைக்குப் பிரதேச சபையிடம் போங்கள். தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டத்தில் இடமில்லை என்ற பதில் பிரதேச சபைச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு செல்லாது. 1990 என்ற எண்ணில் கூப்பிடும் அம்பியூலன்ஸ் இலவசம்தான், ஆனால் மேல் டிவிஷன் பாதை ஏறாவிட்டால் அது சந்தியில்தான் நிற்கும். தகவல் சொல்லும்போது தோட்டம், டிவிஷன், எந்தச் சந்தி என்று சொல்லி, அங்கே ஒரு ஆளை டோர்ச்சுடன் நிறுத்துங்கள்.

கேள்வி: மாமியாருக்கு மறதி. அடுப்பை மூட்டிவிட்டு வெளியே போய்விடுகிறார். நான் காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூப்பிடும் இடத்துக்கு) போனால் சாயந்தரம்தான் வருவேன். கதவைப் பூட்டிவிட்டுப் போகிறேன், மனசு கேட்கவில்லை.
– ஒரு மருமகள், லிந்துலை

பதில்: மகள், உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பூட்ட வேண்டாம். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு எவ்வளவு சீக்கிரம் வரிசை முழுக்கப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். வேலைக்குப் போகும்போது விறகையும் தீப்பெட்டியையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள். சோறும் தேத்தண்ணீரும் பிளாஸ்கிலும் பெட்டியிலும் இருக்கட்டும். சுவெட்டரின் உள்பக்கம் பெயரும் லயமும் உங்கள் தொலைபேசி எண்ணும் தைத்துவிடுங்கள்.

பகலுக்கு ஒரு யோசனை. வேலையிலிருந்து நின்ற அக்காமார் உங்கள் லயத்தில் இருப்பார்கள். அவர்களில் நான்கைந்து பேர் நாள் பிரித்துக்கொண்டு, கோயில் மண்டபத்திலோ ஒரு வீட்டு முற்றத்திலோ இப்படிப்பட்ட பெரியவர்களுடன் இருக்கலாம். பிள்ளைமடுவம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். குழந்தைகளைப் பார்ப்பவர் தலையில் இதையும் கட்டாதீர்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி, உங்கள் பிரிவில் முதியோர் சங்கம் பதிவாகியிருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பதிவான சங்கத்தின் கடிதத்தைத் துரையாலும் சும்மா ஒதுக்க முடியாது.

இதற்கெல்லாம் முன்னால் அவரை ஒருமுறை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். மறதி எல்லாமே வயதால் வருவதில்லை. தைரொய்ட் குறைவு, பி12 குறைவு, சிறுநீரில் கிருமி இவற்றாலும் பெரியவர்கள் தடுமாறுவார்கள், அதற்கெல்லாம் மருந்து இருக்கிறது. போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரை, கஷாயம், கடையில் வாங்கிய வில்லை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.