கால் வலிக்கு வழி சொல்லும் பக்கமே இன்சோலும் விற்கிறதா?

இந்த முறை கால் தொடர்பான கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி அறைந்த மாதிரி வலி. இணையத்தில் தேடியபோது ஒரு தளம் காலணிக்குள் வைக்கும் தாங்கிகளான இன்சோல்களில் பத்தை வரிசைப்படுத்தி, முதலாவதை மருத்துவர்கள் பரிந்துரைப்பதாகச் சொல்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். முதலில் வலி என்னவென்று பார்ப்போம். எழுந்ததும் முதல் சில அடிகளில் உயிர் போகும், நடக்க நடக்கக் குறையும், வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வரும் என்றால் அது பெரும்பாலும் பிளாண்டர் ஃபேசியைட்டிஸ். குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டையில் வரும் கோளாறு அது. பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டிவிடும் பயிற்சிகள்தான் ஆரம்ப வைத்தியம். அவற்றுக்குக் காசு செலவில்லை. அதனால்தான் இன்சோல் விற்கும் பக்கங்களில் அவை கடைசிப் பத்திக்குப் போய்விடுகின்றன.

எனக்கு நெடுநாளாக ஆத்திரம் மூட்டும் விஷயம் இது. மருத்துவக் கட்டுரை போலத் தொடங்கி, நோயை நல்லபடியாக விளக்கி, நம் நம்பிக்கையைப் பெற்றுக்கொண்ட பிறகு 'இப்போதே வாங்குங்கள்' என்று முடியும் பக்கங்கள். அந்த இணைப்பைத் தொட்டு வாங்கினால் பல தளங்களுக்குத் தரகு கிடைக்கிறது. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அதைச் சொல்லியும் இருப்பார்கள். மேலே 'மருத்துவர் சரிபார்த்தது' என்று போட்டிருந்தால், அவர் கட்டுரையைப் படித்தார் என்றுதான் பொருள். அந்தப் பத்து இன்சோல்களையும் யாருக்காவது போட்டுப் பார்த்தார் என்று பொருளில்லை.

நானும் இப்படி ஏமாந்திருக்கிறேன். ஒரு தளத்தில் எட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, பாதத்தைப் படம் எடுத்து அனுப்பி, எனக்கென்றே வார்த்ததாகச் சொன்ன இன்சோலை வாங்கினேன். கல் மாதிரி இருந்தது. தனியாகச் செய்த பொருள் என்பதால் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். குதிகால் வலிக்குத் தனியாக வார்த்த இன்சோலையும் கடையில் கிடைக்கும் ஆயத்த இன்சோலையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதை நான் படித்தது, பணம் கட்டிய பிறகு.

ஆகவே 'சிறந்த இன்சோல்' என்று தேடாதீர்கள், வியாபாரிதான் வருவார். நோயின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் தளம், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்பிளஸ், ஆய்வுகளைத் தொகுத்து எளிய மொழியில் சுருக்கம் தரும் காக்ரேன் ஆகிய மூன்றிலும் இன்சோல் விற்பனை கிடையாது. பக்கத்தை எப்போது புதுப்பித்தார்கள் என்ற தேதியையும் பாருங்கள். சில வாரம் பயிற்சி செய்தும் குறையவில்லை என்றாலோ, வீக்கமோ மரத்துப்போதலோ இருந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு தூங்கினால் உடம்பின் நச்சை உறிஞ்சும் பட்டை. காலையில் நிஜமாகவே கறுப்பாகிறது. அப்படியானால் வேலை செய்கிறதுதானே?

பதில்: இல்லை. அதிலுள்ள பொடி ஈரம் பட்டால் கறுக்கும், வேர்வையே போதும். ஒரு பட்டையைக் காலில் ஒட்டாமல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கினோக்கி என்ற பெயரில் இத்தகைய பட்டைகளை விற்றவர்கள் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2009-இல் வழக்குப் போட்டது, 2010-இல் நீதிமன்றம் தடை விதித்தது. கால் வைத்தால் தண்ணீர் பழுப்பாகும் மின்தொட்டியும் இதே கதைதான். உப்புத் தண்ணீரில் மின்முனை துருப்பிடிக்கிறது, கால் வைக்காவிட்டாலும் பழுப்பாகும்.

கேள்வி: கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்துவிட்டது. ஒரே மாதத்தில் சரியானதாகப் படங்கள் போட்டிருந்ததைப் பார்த்து ஓர் எண்ணெய் வாங்கினேன். மூன்று பாட்டில் தீர்ந்தது, பலனில்லை. இன்னும் மூன்று வேண்டும் என்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் தவறில்லை, படங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்தப் படங்கள் உண்மையாக இருக்க முடியாது. கால் பெருவிரல் நகம் முழுதாக வளர்ந்து மாற 12 முதல் 18 மாதம் ஆகும். எந்த மருந்தாலும் ஒரு மாதத்தில் புது நகத்தைக் காட்ட முடியாது. இன்னொன்று, இப்படித் தோன்றும் நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வருபவை. மீதி செருப்பு அழுத்தம், அடிபடுதல், சொரியாசிஸ் என்ற தோல் நோய் போன்றவற்றால் வரலாம். தோல் மருத்துவரிடம் போய் நகத்துண்டைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பூஞ்சைதான் என்றால் டெர்பினாஃபின் மாத்திரை வழக்கமாக 12 வாரம் தருவார்கள், மருந்து கல்லீரலைப் பாதிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வார்கள். நாலாவது பாட்டில் வேண்டாம்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய மூன்றாவது ஓட்டக் காலணியும் கடிக்கிறது. விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரம் இருந்தது. எந்த பிராண்டை நம்புவது?

பதில்: முதல் ஜோடி கடித்த பிறகாவது பாதத்தை அளந்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், எழுந்து நின்று இரண்டு பாதத்தையும் அளந்து பாருங்கள். பெரிய பாதத்துக்கு வாங்குங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நட்சத்திரம் போட்டவர் உங்கள் காலைக் கண்டதில்லை.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். வீடியோ பார்த்து, கால் ஆணிக்கு மருந்து தடவிய பட்டை வாங்கி ஒட்டினேன். தோல் வெளுத்து உரிந்து இப்போது புண்ணாகிவிட்டது. அம்மா வலிக்கவில்லை என்கிறார்.

பதில்: இதைப் படித்ததும் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள். வலிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சர்க்கரை நோயில் நரம்பு பாதித்தால் புண் ஆழமாகப் போவதுகூடத் தெரியாது. அந்தப் பட்டைகளில் இருப்பது பெரும்பாலும் சாலிசிலிக் அமிலம். ஆணியை அரிக்கும்போது பக்கத்துத் தோலையும் அரிக்கும். சர்க்கரை நோயாளிகள் பயன்படுத்தக் கூடாது என்று பெட்டியிலேயே வழக்கமாக எச்சரிக்கை இருக்கும். வீடியோவில் சொன்னவர் அதைப் படித்துக் காட்டியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டது அவருடைய குற்றம். நீங்கள் அம்மாவின் கால் ஆணி தீரத்தான் செய்தீர்கள்.

புண் ஆறிய பிறகு, தினமும் அம்மாவின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். வெந்நீரில் கால் ஊற வைக்க வேண்டாம், வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறையாவது பாதப் பரிசோதனை வேண்டும். மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஒரு சில நிமிட வேலைதான். பெட்டியை எறியாதீர்கள். அதையும் வீடியோவின் முகவரியையும் புண்ணின் படங்களையும் வைத்துக்கொண்டு நுகர்வோர் அமைப்பில் புகார் கொடுங்கள்.

கேள்வி: ஒரு தளத்தில் நம்பகமான மருத்துவத் தகவலுக்கான 'ஹான்' முத்திரை இருக்கிறது. நம்பலாமா?

பதில்: ஒரு காலத்தில் அதற்கு மதிப்பு இருந்தது. அதை வழங்கிய அறக்கட்டளை 2022 கடைசியில் மூடப்பட்டுவிட்டது. இன்றும் அந்த முத்திரை நிற்கிறது என்றால், அந்தப் பக்கத்தை வெகுநாளாக யாரும் கவனிக்கவில்லை.

கேள்வி: வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் கால் சிகிச்சை பற்றி வீடியோ போடுகிறார். அவர் டாக்டர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பல நாடுகளில் மருத்துவர் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள், என்ன படித்தார் என்றும் பாருங்கள். வேறு துறையில் முனைவர் பட்டம் வாங்கியவரும் 'டாக்டர்' என்றே போட்டுக்கொள்ளலாம். முழுப் பெயரையே எங்கும் சொல்லாதவர் என்றால் தேடக்கூட வேண்டாம், வீடியோவை மூடிவிடுங்கள்.