பதிவேட்டை எழுதியவர் யார்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சமூகவியலில் முதுகலை ஆய்வு செய்கிறேன். மலேசியத் தோட்டங்களிலிருந்து வெளியேறி மலிவுவிலை அடுக்குமாடிகளில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் குற்றமும் என்பது என் தலைப்பு. பையன்களோடும் அம்மாக்களோடும் மணிக்கணக்கில் பேசிப் பதிவு செய்திருக்கிறேன். என் மேற்பார்வையாளரோ, "கைது எண்ணிக்கை, வருமானம், பள்ளியை விட்ட வயது இவற்றை அட்டவணையாகப் போடு, மற்றதெல்லாம் கதை" என்கிறார். குற்றவாளிகளின் உடலை அளந்து ஆராய்ந்த இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ பற்றிய கட்டுரையில் நீங்கள் நேர்க்காட்சிவாதத்தை, அதாவது கண்டு அளந்ததையே அறிவாகக் கொள்ளும் பாசிட்டிவிசத்தை, கடுமையாகச் சாடியிருந்தீர்கள். அப்படியானால் எண்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா? காலனிக்காரன் நம்மை அடக்கக் கொண்டுவந்த கருவிதானே அது? சட்டத்திலும் இதே பெயரில் ஒரு கோட்பாடு இருக்கிறதே, இரண்டும் ஒன்றா?

வாசகி, தைப்பிங்

அன்புள்ள தங்கைக்கு,

தூக்கிப் போடாதீர்கள். உங்கள் மேற்பார்வையாளர் அட்டவணை கேட்பதில் தவறில்லை. அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதுதான் தவறு.

1830-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி ஒகுஸ்த் கோம்த் தன் நேர்க்காட்சித் தத்துவப் பாடங்களை வெளியிடத் தொடங்கியபோது, இறையியலும் வெற்று ஊகமும் போதும், வானத்துக் கோள்களைக் கவனிப்பதுபோல் சமுதாயத்தையும் கவனித்து அதன் விதிகளைக் காண்போம் என்றார். அதன் பலனைப் பார்க்க லொம்புரோசோவிடம் போகக் கூடாது; அவருக்கு முன்னால் இருந்தவர்களிடம் போக வேண்டும். பிரெஞ்சு அரசு 1827 முதல் குற்றப் புள்ளிவிவரங்களை வெளியிட்டுவந்தது. அவற்றை வைத்து கெர்ரி என்ற வழக்கறிஞர் 1833-இல் வரைபடங்கள் போட்டார். ஏழை மாவட்டங்களில்தான் திருட்டு அதிகம் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். வசதியான மாவட்டங்களில்தான் சொத்துக் குற்றம் கூடுதல் என்று வரைபடம் காட்டியது. படிப்பறிவில்லாத இடமே வன்முறை மிகுந்த இடம் என்ற நம்பிக்கையும் அதோடு உடைந்தது. 1835-இல் பெல்ஜியத்துப் புள்ளியியலாளர் கெட்லே, குற்றங்கள் ஆண்டுக்காண்டு ஏறத்தாழ ஒரே அளவில் நடப்பதைக் காட்டி, குற்றத்தைத் தயார் செய்வது சமுதாயம், குற்றவாளி அதை நிறைவேற்றும் கருவி என்று எழுதினார். "அந்த லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பிள்ளைகளே அப்படித்தான்" என்று நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் இன்றும் பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. அந்தப் பதிலைத் தந்தது எண்.

பிறகுதான் லொம்புரோசோ வந்தார். சிறைக்கைதிகளின் மண்டையோடு, தாடை, கைநீளம், பச்சை குத்திய தோல் என்று அளந்து, பிறவிக் குற்றவாளி ஒருவன் உண்டு என்று 1876-இல் புத்தகம் போட்டார். அவரை நான் சாடியது அளந்ததற்காக அல்ல. சிறைக்குள் இருப்பவனை மட்டும் அளந்துவிட்டு, அவனைச் சிறைக்குள் கொண்டுவந்தது எது என்று கேட்காமல் விட்டதற்காக. சார்லஸ் கோரிங் என்ற ஆங்கிலேயச் சிறை மருத்துவர் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, மாணவர்களோடும் படைவீரர்களோடும் ஒப்பிட்டு, தனிக் குற்றவாளி உடலமைப்பு என்று ஒன்று இல்லை என்று 1913-இல் காட்டினார். கோரிங்கும் பரம்பரைக் குறைபாட்டை நம்பியவர்தான். ஆனாலும் லொம்புரோசோவை வீழ்த்தியது அதே அளவுகோல்தான் என்பதை மறக்க வேண்டாம்.

காலனிக் கருவிதானே என்று கேட்டீர்கள். ஆம், அப்படியும் பயன்பட்டது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதிக்காக ரேகை பதியச் சொன்னார்கள். மறுத்த, மதுரை வட்டாரத்துப் பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். அந்த வட்டார ஆவணங்களை எடுத்து, பதிவு செய்யப்பட்ட குற்றவாளிகள் எந்தச் சமூகத்தில் அதிகம் என்று ஒருவர் அட்டவணை போட்டால் என்ன விடை வரும்? சட்டம் முன்கூட்டியே எழுதி வைத்த விடைதான் வரும்.

உங்கள் ஆய்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 1963-இல் கிட்சூஸ், சிக்கோரல் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள், அரசுப் புள்ளிவிவரம் முதலில் சொல்வது அதைத் தயாரித்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் என்று வாதிட்டார்கள். கைது எண்ணிக்கை காவலர்கள் எங்கே நின்றார்கள், யாரை நிறுத்தினார்கள் என்பதற்கும் கணக்கு. அடுக்குமாடிப் பையனுக்குக் கூட்டாளிகளோடு நிற்கப் படிக்கட்டையும் கார் நிறுத்துமிடத்தையும் விட்டால் வேறு இடமில்லை. வேலி போட்ட தாமான் (வசதியான குடியிருப்புப் பகுதி) பையனுக்குத் தன் அறை இருக்கிறது. இருவரும் ஒரே தவறைச் செய்தாலும் யார் பெயர் பதிவேட்டில் ஏறும்?

நான் இருக்கும் சுங்கை சிப்புட்டில் இதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் விசாரணையில்லாத் தடுப்புக்காவலைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. அவசரகாலம் 1960-இல் முடிந்தது, அதிகாரம் முடியவில்லை. இசா எனப்படும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், 1969-இன் அவசரகால ஆணை என்று தொடர்ந்தது. அந்த ஆணை போன பிறகு, 1959-இல் எழுதிய குற்றத் தடுப்புச் சட்டமான பொக்காவைத் திருத்தி 2014-இல் கூர்மையாக்கினார்கள். வாரியம் ஒன்று ஒருவரை நீதிமன்ற விசாரணையின்றி ஈராண்டு வரை அடைத்து வைக்கலாம். அதை நீட்டிக்கவும் செய்யலாம். நடைமுறை பிசகியதா என்று மட்டுமே நீதிமன்றம் பார்க்கலாம். அச்சட்டத்திலேயே ஒரு பதிவேடும் உண்டு. நிரூபிக்கப்படாத பெயரும், திருட்டு நிரூபிக்கப்பட்டுத் தண்டனை பெற்ற பெயரும் உங்கள் அட்டவணையில் ஒரே கட்டத்தில் விழுந்தால் நீங்கள் எதை அளந்தீர்கள்?

சட்டத்தில் உள்ள நேர்க்காட்சிவாதம் தூரத்து உறவுதான். சட்டம் இருக்கிறதா என்பது ஒன்று, அது நல்லதா என்பது வேறு என்று 1832-இல் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜான் ஆஸ்டின் பிரித்தார். இது அநியாயத்துக்குத் துணை போகிறது என்று பலர் சொல்வார்கள். நான் ஏற்கவில்லை. இது சட்டம்தான், ஆனால் கீழ்ப்படிய முடியாத அளவுக்குக் கொடியது என்று சொல்ல அந்தப் பிரிவினை இடம் தருகிறது என்று 1958-இல் இன்னொரு ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஹார்ட் வாதிட்டார். ஹார்ட் பக்கம்தான் நான்.

ஆனால் நம் நாட்டில் அது வேறு உருவம் எடுத்தது. 1933-இன் குடியிருப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பிடிபட்ட ஒருவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவில்லை. அவர் வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே, 1976-இல், அந்த உரிமை அவருக்கு இல்லாதபடி அரசியலமைப்பை முன்தேதியிட்டுத் திருத்தினார்கள். சட்டம் கடுமையானதா, அநியாயமானதா என்பது நாடாளுமன்றம் முடிவு செய்யவேண்டிய கொள்கை விவகாரம் என்றார் 1977-இல் கூட்டரசு நீதிமன்ற நீதிபதி ராஜா அஸ்லான் ஷா. அரசியலமைப்பும் மனிதர் எழுதி வைத்த சட்டம்தானே? தனிமனித சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் பேசும் அதன் 5-ஆம், 8-ஆம் பிரிவுகளைக் கூர்ந்து வாசிப்பதற்கு எந்த நேர்க்காட்சிவாதியும் தடை சொல்லமாட்டார். அந்தத் தீர்ப்பில் குறைந்தது துணிவு என்பதே என் எண்ணம்.

எனவே அட்டவணையைப் போடுங்கள், ஆனால் கைது என்ற ஒரே கட்டத்தை உடையுங்கள். எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள், குற்றச்சாட்டு பதிவானதா, வழக்கு நடந்ததா, தண்டனை உண்டா என்று தனித்தனியே எழுதுங்கள். அந்த விவரங்கள் உங்கள் மேற்பார்வையாளர் கதை என்று ஒதுக்கும் பேச்சுகளில்தான் கிடைக்கும். அம்மாக்களிடம் மறுபடி போகும்போது மகன் எத்தனை நாள் லோக்காப்பில் இருந்தான் என்று கேளுங்கள். தாள்களைக் காட்டினால் அனுமதி வாங்கி நகல் எடுங்கள். பெயர், வீட்டு எண், பள்ளி எதையும் ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள். அந்தப் பையன்கள் இன்னொரு பதிவேட்டில் ஏற வேண்டாம். முதல் வரைவை எனக்கு அனுப்பிவையுங்கள்.