மெட்ரோ ஓரத்துப் பழைய குடியிருப்பு: நாங்கள் போட்ட பிளானை பில்டர் ஏற்க வேண்டுமா?

கேள்வி: சென்னையில் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய பழைய வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு எங்களுடையது. 40 எல்ஐஜி (குறைந்த வருவாய்ப் பிரிவு), 56 எம்ஐஜி (நடுத்தர வருவாய்ப் பிரிவு), ஆக 96 வீடுகள். இடித்துக் கட்ட ஒரு பில்டர் வந்திருக்கிறார். அவர் பிளானில் எல்ஐஜிக்காரர்களுக்குப் பின்பக்கம் தனி பிளாக், ஒரே லிஃப்ட். நிலையத்தைப் பார்த்த முன்பக்கம் முழுக்க வெளியாருக்கு விற்பனை. நாங்கள் கூடிப் பேசி, ஓர் ஆர்க்கிடெக்டை வைத்து, சின்ன வீடும் பெரிய வீடும் ஒரே கட்டடத்தில் கலந்து வரும்படி வேறு பிளான் போட்டிருக்கிறோம். சங்கச் செயலாளரோ, "முதலில் சம்மதத்திலும் பவரிலும் (அதிகாரப் பத்திரம்) கையெழுத்துப் போடுங்கள், பிளானை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். எங்கள் பிளானை வற்புறுத்த முடியுமா?

பதில்: குடியிருப்பவர்கள் போட்ட பிளானைத்தான் கட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் பில்டரைக் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் பலம் கையெழுத்தில் இருக்கிறது. போட்ட பிறகு அது போய்விடும்.

2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும். 96-ல் அது 64. எம்ஐஜி 56 பேரும் சேர்ந்தாலும் இன்னும் 8 பேர் வேண்டும். 40 எல்ஐஜிக்காரர்கள் ஒன்றாக நின்றால் அவர்களை ஒதுக்கிவிட்டு எதுவும் நடக்காது. ஆனால் தனித்தனியாகப் பேசி எட்டுப் பேரைப் பிரிப்பது பெரிய வேலையில்லை. எனவே பிளானைப் பொதுக்குழுத் தீர்மானமாக எழுத்தில் கொண்டுவாருங்கள். கட்டடம் உயிருக்கு ஆபத்தானது என்று உரிய அமைப்பு சான்று கொடுத்துவிட்டால் இந்தச் சம்மதக் கணக்கே தேவைப்படாமல் போகலாம். அப்படி ஏதாவது ஆய்வறிக்கை இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள்.

வாரியக் குடியிருப்புகளில் நான் அடிக்கடி பார்ப்பது: பணம் கட்டி முடித்தும் கிரயப் பத்திரம் வாங்காமல் ஒதுக்கீட்டு ஆணையோடு இருப்பவர்கள். அவர்களை உரிமையாளராகக் கணக்கிடுவதே கேள்விக்குள்ளாகும். உடனே பத்திரம் வாங்கச் சொல்லுங்கள்.

பவர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பவர் வாங்கியவருக்கே அந்தச் சொத்தில் நலன் இருந்தால், அந்த நலன் கெடும்படி அதை ரத்து செய்ய ஒப்பந்தச் சட்டம் 202-ஆம் பிரிவு விடாது. கூட்டுக் கட்டுமான ஒப்பந்தம் முடியாமல் பவர் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தோடு உங்கள் பிளானையே இணைப்பாகச் சேருங்கள்: யாருக்கு எந்த வீடு, எத்தனை சதுர அடி, எவ்வளவு யுடிஎஸ் (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு), எத்தனை லிஃப்ட், நிலையத்துப் பக்கம் எல்லோருக்கும் பொதுவான வாசல். கட்டட அனுமதி தரும் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) சொல்லும் மாற்றம் தவிர வேறு எதற்கும் உங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்றும் எழுதுங்கள்.

கூடுதல் வீடுகளை விற்பதால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும் தேவை. அந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில், அனுமதி பெற்ற பிளானை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு ஒதுக்கீட்டாளர்களின் (வீடு ஒதுக்கப்பட்டவர்களின்) சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது. அதை மட்டும் நம்பாதீர்கள். நிலம் கொடுத்த நீங்கள் ஒதுக்கீட்டாளரா, பில்டரோடு சேர்ந்த புரமோட்டரா (திட்டத்தை நடத்துபவரா) என்பதே தனி வழக்காகிவிடும்.

உங்கள் பிளானிலும் ஓர் இடறல் உண்டு. கலந்து கட்டினால் லிஃப்ட், ஜெனரேட்டர், செக்யூரிட்டி செலவு எல்லோர் தலையிலும் விழும். எல்ஐஜி குடும்பங்களுக்கு அது பாரம். பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக் கணக்கில்தான் என்று சங்க விதியில் சேருங்கள். தரைத்தளக் கடைகளைச் சங்கத்தின் பெயரில் கேட்டு வாங்கினால், மெட்ரோ ஓரத்தில் அந்த வாடகையே நல்ல தொகை வரும்.

இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம். வரைவு ஒப்பந்தத்தையும் வரைவுப் பவரையும் கேட்டுச் செயலாளருக்குப் பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள்.