வறுத்ததா, பொரித்ததா, புரட்டியதா?

கேள்வி: திடீரென்று விருந்தினர் 4 பேர் வந்துவிட்டால், அஜினோமோட்டோ சேர்க்காமல் வீட்டிலேயே முட்டை வறுத்த சோறு செய்வது எப்படி? எனக்கு உதிரியாக வருவதே இல்லை. (தஞ்சாவூர் வாசகி)

பதில்: 'ஃப்ரைடு ரைஸ்' என்று எழுதாமல் தமிழில் எழுத முயன்றீர்களே, அதற்கு நன்றி. ஆனால் 'வறுத்த' என்ற சொல்லை நான் விடமாட்டேன். உங்கள் சோறு உதிராததற்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பு உண்டு.

ரவையை வறுக்கிறோம், எண்ணெய் இல்லாமலும் வறுபடும். அப்பளத்தைப் பொரிக்கிறோம், அது எண்ணெயில் மிதக்க வேண்டும். வெங்காயத்தை வதக்குகிறோம், அது தன் நீரை விட்டுக் குழைய வேண்டும். கோழியைப் புரட்டுகிறோம். இவற்றில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் 'ஃப்ரை' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். அடுப்படியை இத்தனை நுட்பமாகப் பிரித்துப் பேசத் தெரிந்த மொழி, அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டவைத்துக்கொள்வதா? இதை இந்தப் பக்கத்தில் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறேன், இனியும் எதிர்ப்பேன்.

இந்த உணவுக்குச் சீனத்தில் பெயர் 'டான் சாவ் ஃபான்'. டான் என்றால் முட்டை, ஃபான் என்றால் சோறு. நடுவில் இருக்கும் 'சாவ்' பொரிப்பது அல்ல. எண்ணெயில் முக்கிப் பொரிப்பதற்கு அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது. கடும் சூட்டில், கொஞ்சம் எண்ணெயில், கை ஓயாமல் புரட்டுவதே சாவ். அதை எழுதும் எழுத்தின் இடப்பக்கத்தில் தீயின் குறி நிற்கிறது. ஆகவே 'முட்டைப் புரட்டல் சோறு' என்று சொல்லுங்கள். மதுரையில் இரவுக் கடைக் கல்லில் முட்டையை உடைத்து ஊற்றிக் கொத்து பரோட்டா போடுபவரின் கையைப் பார்த்திருந்தால், நான் சொல்வது உடனே விளங்கும்.

உங்கள் சோறு ஏன் உதிரவில்லை? நால்வருக்கான சோற்றையும் ஒரேயடியாகச் சட்டியில் கொட்டியிருப்பீர்கள். சட்டியின் சூடு இறங்கிவிடும், ஆவி உள்ளேயே தங்கும், புரட்டல் வதக்கலாகிவிடும். ஒரு தடவைக்கு இருவர் அளவுக்கு மேல் வேண்டாம்.

முதல் நாள் வடித்த சோறே நல்லது. ஆறிய சோற்றில் மாவுச்சத்து இறுகுவதால் பருக்கை பருக்கையாகப் பிரியும். பொன்னி போதும். வடித்ததைத் தட்டில் பரப்பி, ஆறியதும் ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இரவெல்லாம் வெளியே கிடந்த சோறு கூடவே கூடாது. பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. அது சோற்றில் விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. விருந்தினர் சொல்லாமல் வந்துவிட்டால், நீரைக் குறைத்து வேகவைத்து, விசிறிக் காற்றில் அரை மணி நேரம் பரப்பி வையுங்கள்.

இரும்புச் சட்டி புகையும்வரை காயட்டும். 2 கரண்டி எண்ணெய், 3 முட்டை. முட்டை பாதி வெந்ததும் ஓரமாக ஒதுக்கி, சோற்றைப் போட்டு, தோசைத் திருப்பியால் கட்டிகளை மசிக்காமல் உதிர்த்து, 3 நிமிடம் புரட்டுங்கள். சோயா சாஸைச் சோற்றின்மேல் ஊற்றாமல் சட்டியின் விளிம்பில் விடுங்கள். அங்கே சுரீரென்று தீய்ந்து எழுகிறதே, அதுதான் கடை மணம். உப்பு, மிளகுத்தூள், வெங்காயத்தாள்.

அஜினோமோட்டோவை ஏன் விலக்கி வைத்தீர்கள்? 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேதா, கொம்பு என்ற கடற்பாசியின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டறிந்தார். அதன் உப்புதான் இது. உங்கள் ரசத்துத் தக்காளியிலும் அதே குளூட்டமேட் இயல்பாகவே இருக்கிறது. 1968இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு மருத்துவர் கடிதம் எழுதினார்: சீன உணவகத்தில் சாப்பிட்டால் தமக்குக் கழுத்து மரத்துப்போகிறது என்று. சோயா சாஸ், சமையல் மது, உப்பு என்று பலவற்றையும் அவர் சந்தேகித்தார். பழி மட்டும் இதன்மேல் விழுந்தது. உண்பவருக்குத் தெரியாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், சமையலில் சேர்க்கும் அளவுக்கு அந்தப் பழி நிலைக்கவில்லை. சுவை பிடிக்காவிட்டால் விடுங்கள்; நஞ்சு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நால்வர் என்றால் இரண்டு தடவை புரட்ட வேண்டும். முதல் இரண்டு தட்டுகளைக் கொடுத்து, சூடு ஆறுமுன் சாப்பிடச் சொல்லுங்கள். மற்ற இருவரும் அடுப்படிக்கு வந்து, நீங்கள் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.