ஷோரூமில் ‘உடனே டெலிவரி’ என்கிறார்கள். பல மாதம் விற்காமல் நின்ற காரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன்னால், டீலர் வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுக்குப் போய், உங்களுக்கு ஒதுக்கிய வண்டியைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். உங்கள் பெயரில் ரெஜிஸ்ட்ரேஷன் ஆன பிறகு எதைக் கண்டுபிடித்தாலும் புலம்பத்தான் முடியும்.

2025 மார்ச்சில் எனக்கும் இதே ‘உடனே டெலிவரி’தான். “டிசம்பர் ஸ்டாக் சார், புத்தம் புதுசு” என்றார் சேல்ஸ் தம்பி. மச்சானைக் கூட்டிக்கொண்டு யார்டுக்குப் போனேன். வேப்பமரத்தடியில் நின்றது வண்டி. வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடைத் தட்டில் இலையெல்லாம் மக்கி மண்ணாகிக் கிடந்தது. மூன்று மாதத்தில் இவ்வளவு மக்குமா?

சேஸிஸ் நம்பரைப் பார்த்தோம். மொத்தம் 17 இடம். பெரும்பாலான கம்பெனிகளில் பத்தாவது எழுத்துதான் வருஷம்: பி (P) என்றால் 2023, ஆர் (R) 2024, எஸ் (S) 2025, டி (T) 2026. (பூஜ்யத்தோடு குழம்பும் என்று ஓ, க்யூ இரண்டையும் விட்டுவிடுவார்கள்.) என் வண்டியில் ஆர். 2024 என்பது சரி, ஆனால் எந்த மாதம்? மாதத்துக்கான எழுத்து இருக்கும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதில் மண்டையை உடைக்க வேண்டாம். டீலர் தரும் விற்பனைச் சான்றிதழில், அதாவது படிவம் (Form) 21-இல், தயாரித்த மாதமும் வருஷமும் எழுதியாக வேண்டும். அதில் என்ன மாதம் வரப்போகிறது என்று முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் கேளுங்கள். வாயால் சொன்னால் ஏற்காதீர்கள்.

அடுத்தது டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1924 என்றால் 2024-இன் 19-ஆவது வாரம், அதாவது மே மாதம். சில டயரில் இது உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். மச்சான் தரையில் படுத்து போனில் போட்டோ எடுத்தார். ஸ்டெப்னியோடு ஐந்துமே மே மாதம். டயர் தேதி வண்டியின் தேதி ஆகாது, டயர் முதலில் செய்யப்பட்டு அப்புறம்தான் பேக்டரிக்கு வரும். ஆனால் ஐந்தும் மே என்றால் டிசம்பர் கதை கொஞ்சம் இடிக்கும் இல்லையா? கேட்டதும் தம்பி மேனேஜருக்குப் போன் போட்டார். வண்டி ஜூன் மாதத்தது.

பிரேக் டிஸ்க்கில் லேசான துரு இருந்தால் பயப்பட வேண்டாம், மழையில் ஒரு நாள் நின்றாலே வரும், ஓட்டினால் போய்விடும். பேட்டரியைத்தான் கவனிக்க வேண்டும். வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்து மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்தால் புது பேட்டரி கேளுங்கள். பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கை இருக்கிறதா, வயர் கடிபட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இரண்டு மூன்று மாதம் பழையது என்றால் நான் கண்டுகொள்ள மாட்டேன், பேக்டரியிலிருந்து வந்து சேரவே நாளாகும். ஆறு மாதம் தாண்டினால் வேறு வண்டி, இல்லையென்றால் நல்ல தள்ளுபடி. வருஷம் மாறியிருந்தால் தள்ளுபடியை இன்னும் அழுத்திக் கேளுங்கள், நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்குபவர் தயாரித்த வருஷத்தைத்தான் முதலில் கேட்பார்.

நான் வேறு வண்டி கேட்டேன். மூன்று வாரம் கழித்துப் பிப்ரவரியில் தயாரித்தது வந்தது, வெள்ளை நிறத்தில். வீட்டில் கேட்டது சாம்பல் நிறம். அந்தப் பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை.