1 முதல் 10-க்குள் ஒரு எண் கேட்டால் பலரும் ஏன் 7 என்கிறார்கள்?

நாம் எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்லை, ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டுகிறோம். 1, 10 இரண்டும் ஓரம். 5 நட்டநடு. இரட்டை எண்கள் ரொம்பச் சாதாரணம். மிஞ்சுவது 3, 7 மாதிரி சிலதுதான்.

இதே புத்தி, எண்களை நாமே தேர்ந்தெடுக்கும் லாட்டரியிலும் வேலை செய்யும். பிரிட்டன் தேசிய லாட்டரியில் அப்போது 49 எண்களில் 6 எடுக்க வேண்டும். 1995 ஜனவரி 14 அன்று விழுந்த எண்கள் 7, 17, 23, 32, 38, 42. முதல் பரிசு சுமார் 1.6 கோடி பவுண்டு. ஆனால் ஜெயித்தவர்கள் 133 பேர்! ஆளுக்குச் சுமார் 1,22,500 பவுண்டுதான் தேறியது. அந்த எண்களைப் பாருங்கள்: பக்கத்துப் பக்கத்து எண் கிடையாது, அழகாகப் பரவி நிற்கின்றன. மனிதக் கண்ணுக்கு 'தற்செயல்' என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

நிஜத் தற்செயலுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. 49 எண்களில் 6 எடுத்தால், ஏறக்குறைய பாதித் தடவை 23, 24 போல அடுத்தடுத்த ஜோடி ஒன்றாவது வரும். காசை 100 முறை சுண்டினால் எங்காவது ஐந்து முறை தொடர்ந்து ஒரே பக்கம் விழ 97 சதவீத வாய்ப்பு. சுண்டாமல் மனதிலிருந்தே எழுதச் சொன்னால்? மூன்று தலை வந்ததுமே கை தானாகப் பூவுக்குப் போய்விடும்.