வாசகர் கேள்வி: வெறும் பாறைக்கு இத்தனை காவலா?

கேள்வி: மகளைப் பார்க்க கலிபோர்னியா போயிருந்தபோது மோரோ பே என்ற ஊரில் கடலோரமாக ஒரு பெரிய பாறையைப் பார்த்தேன். பாதியை யாரோ வெட்டி எடுத்த மாதிரி இருந்தது. ஆனால் ஏறக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். வெறும் பாறைக்கு எதற்கு இத்தனை காவல்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் பார்த்தது சரிதான், உண்மையிலேயே வெட்டித்தான் எடுத்தார்கள். 1889-ல் தொடங்கி 1969 வரை, விட்டு விட்டு 80 வருடம், அது ஒரு கல் குவாரி. வெடி வைத்துத் தகர்த்த கல்லெல்லாம் அந்த ஊர்த் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கும், தெற்கே போர்ட் சான் லூயிஸில் கட்டிய சுவருக்கும் போனது. முன்பெல்லாம் பாறையைச் சுற்றிலும் தண்ணீர்தான், இப்போது கார் அடிவாரம் வரை போகிறதே, அந்தப் பாதை 1930-களில் போட்டது.

சுமார் 2.3 கோடி வருடத்துக்கு முன்னால் எரிமலையின் தொண்டைக்குள் மேலேறி வந்த குழம்பு உள்ளேயே இறுகிப்போனது, வெளியே இருந்த மண்ணும் இளகிய பாறையும் காலப்போக்கில் அரித்துப்போக, நடுவில் இருந்த கெட்டிப் பகுதி மட்டும் 576 அடி உயரத்துக்கு நிற்கிறது. இப்படி ஒன்பது குன்றுகள் அங்கிருந்து சான் லூயிஸ் ஒபிஸ்போ வரை வரிசையாக உண்டு, ஒன்பது சகோதரிகள் என்கிறார்கள்.

அந்த மண்ணின் பூர்வகுடிகளான சாலினன், சூமாஷ் இரு மக்களுக்கும் அது சாமி மலை. இரட்டைத் தலைப் பாம்பு ஒன்று பாறையின் அடியைச் சுற்றி வளைத்தபோது வல்லூறும் அண்டங்காக்கையும் சேர்ந்து அதைக் கொன்றன என்பது சாலினன் கதை. அப்படிப்பட்ட இடத்தில் 80 வருடம் வெடிச்சத்தம் கேட்டிருக்கிறது, நினைத்தாலே மனசு கனக்கிறது. 1968-ல் மாநில வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள், அடுத்த வருடம் குவாரியும் நின்றது. இப்போது அது இயற்கைக் காப்பகம், யாரும் ஏறக்கூடாது. சாலினன் மக்கள் மட்டும் கதிர்த்திருப்ப நாள் (சூரியன் வடக்கோ தெற்கோ திரும்பும் நாள்) சடங்குக்காக ஏற அனுமதி வாங்கியிருக்கிறார்கள். சூமாஷ் மக்களோ, இவ்வளவு புனிதமான இடத்தில் யாருமே கால் வைக்கக்கூடாது என்கிறார்கள்.

அப்புறம் அந்த வல்லூறு. பாறை முகப்பில் பொரி வல்லூறு கூடு வைக்கிறது. அது குச்சி வைத்துக் கூடு கட்டுவதில்லை, செங்குத்தான பாறையின் சின்னத் திட்டில் சரளையைக் காலால் கீறிப் பள்ளம் பண்ணி முட்டையிடும், அவ்வளவுதான். டிடிடி பூச்சிமருந்து சின்னப் பறவைகள் வழியாக இதன் உடம்பில் சேர்ந்து, முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடைக்கே முட்டை நொறுங்கிப்போன காலம் ஒன்று இருந்தது. 1970 வாக்கில் கலிபோர்னியா முழுக்கத் தேடியும் ஓரிரண்டு ஜோடிதான் கண்ணில் பட்டன, எஞ்சிய மிகச் சில கூடுகளில் மோரோ பாறையும் ஒன்று. ஆட்கள் கயிறு கட்டி இறங்கி, மெலிந்த முட்டைகளை எடுத்துவிட்டுப் பொம்மை முட்டைகளை வைத்து, வெளியே பொரித்த குஞ்சுகளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். 1972-ல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. 1999-ல் இந்தப் பறவை அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலிலிருந்தே வெளியே வந்தது. கூட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் ஏறினால் தாய் எழுந்து பறந்துவிடும், முட்டை குளிர்ந்துவிடும். அதனால் அந்தப் பலகை அங்கே இருக்கத்தான் வேண்டும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

கேள்வி: குடும்பத்தோடு மோரோ பே போகிறோம். வல்லூறைப் பார்க்க முடியுமா?
– ஒரு வாசகர், சான் ஹோசே

பதில்: முடியும். மே கடைசி, ஜூன் என்றால் ரொம்ப நல்லது, குஞ்சுகள் பறக்கப் பழகும் நேரம். அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு பைனாகுலரில் பாறை முகப்பைப் பொறுமையாகப் பாருங்கள், எச்சம் வழிந்து வெள்ளைக் கோடு விழுந்த திட்டு தெரிந்தால் அங்கேயே கண்ணை வையுங்கள். இரையோடு வரும்போது கத்திக்கொண்டே வரும். வேட்டைக்குப் பாய்ந்தால் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம், கண் சிமிட்டினால் தவறிவிடும். துறைமுகப் பக்கம் கடல் நீர்நாய்கள் மல்லாந்து மிதக்கும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கல் உருண்டு விழும் இடம் அது, அடிவாரத்தை ஒட்டி விளையாட விடாதீர்கள். கோடையிலும் மூடுபனியும் காற்றும் இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.